ரயிலடியில பாடின பாட்டு

வணக்கம் சார்,

நார்த் கரோலினா சார்லட்ல ஐடி வேலை. அக்டோபர்ல குடும்பத்தோட ஆஷ்வில் பக்கம் ஃபால் கலர்ஸ் பார்க்கப் போறோம். பில்ட்மோர் மாளிகை பார்த்தாச்சு. பக்கத்துல மேடிசன் கவுண்டினு ஒரு மலைப்பிரதேசம் இருக்கு, வெளி உலகம் படாமயே கிடந்ததால அங்க இங்கிலாந்தோட பழைய பாட்டெல்லாம் அப்படியே தப்பிச்சு இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். நிஜமா? பொண்ணு பாட்டு கத்துக்கறா. கூட்டிட்டுப் போனா ஏதாவது கிடைக்குமா, இல்ல வெறும் பாஞ்சோவும் கௌபாய் தொப்பியும்தானா?

எஸ்., சார்லட்

அன்புள்ள எஸ்.,

தாராளமா போங்க. கௌபாய் தொப்பியை டெக்சாஸ் பக்கம் போறப்ப பார்த்துக்கலாம். பாட்டு பழசுங்கறது சரி, ஆனா "வெளி உலகம் படாம"ங்கறதுதான் எனக்கு ஒத்து வரல. அந்தக் கதை பரவினதுல பெரிய பங்கு செசில் ஷார்ப்போடது. இங்கிலாந்துல நாட்டுப்பாட்டு சேகரிச்சுட்டு இருந்தவர். ஆலிவ் டேம் கேம்ப்பெல்னு ஒரு அம்மா இந்த மலையில தான் எழுதி வச்சிருந்த பாட்டுகளைக் காட்டினதும் ஆள் அசந்துபோய், 1916ல மாட் கார்ப்பலீஸை உதவிக்குக் கூட்டிட்டு நேரா இங்கயே வந்துட்டார். ரெக்கார்டிங் மெஷின் எல்லாம் இல்ல, பாடப்பாட இவர் மெட்டை எழுதுவார், மாட் வார்த்தைகளை ஷார்ட்ஹேண்டுல பிடிப்பாங்க, ஆஸ்துமாவை வச்சுக்கிட்டு மனுஷன் மலையேறி வீடு வீடா போயிருக்கார். இங்கிலாந்துல இந்தப் பாட்டுக்குக் கிழவங்களைத் தேடி அலைய வேண்டியிருந்துச்சு, இங்க என்னடான்னா சின்னப் பசங்களும் பேசற மாதிரி சர்வசாதாரணமா பாடறாங்க.

சரி, அவருக்கு அதிகமா பாட்டு கொடுத்தது யாருன்னு பாருங்க. ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி, சுமார் எழுபது பாட்டு. இந்தம்மா இருந்தது ஏதோ ஒரு காட்டுக் குடிசைலன்னு நினைப்பீங்க. இல்ல, இதே மேடிசன் கவுண்டில ஹாட் ஸ்பிரிங்ஸ்ங்கற ஊர்ல. வெந்நீர் ஊற்று, பெரிய ஹோட்டல், ரயில் எல்லாம் இருந்த டூரிஸ்ட் ஊர் அது! பிள்ளைங்க படிக்கணும்னு அங்க குடிவந்து, வெளியூர் ஆளுங்களைத் தங்கவச்சு சோறு போட்டுட்டு இருந்தாங்க. ரயிலுக்கு முன்னாடியே, 1828லேர்ந்து, பிரெஞ்ச் பிராட் ஆத்தோரமா ஒரு ரோடு. டென்னசிலேர்ந்து பன்னி, வான்கோழி எல்லாம் மந்தை மந்தையா அது வழியாத்தான் தெற்க நடந்து போச்சு. முதல் உலகப் போர்ல ஜெர்மன் கப்பல்காரங்க ரெண்டாயிரம் பேருக்கு மேல ஹாட் ஸ்பிரிங்ஸ்லதான் அடைச்சு வச்சிருந்தாங்க. இதுல எங்க சார் வெளி உலகம் படாம இருந்தது?

பாட்டு பிழைச்சது வேற காரணத்தால. வீட்டுல யாராவது ஒருத்தர் உக்காரவச்சு சொல்லிக்கொடுத்துட்டே இருந்தாங்க, அவ்வளவுதான். சோடம் லாரல்னு ஒரு சின்ன ஊர், அங்க டெல்லி நார்ட்டன்னு ஒரு பாட்டி. பாடகி ஷீலா கே ஆடம்ஸுக்குப் பெரிய பாட்டி முறை, முட்டியோட முட்டி இடிக்க உக்காந்து, பாட்டி ஒரு வரி இவங்க ஒரு வரின்னு பாடிப் பாடியே கத்துக்கிட்டது. அந்த ஷீலாவுக்கு 2013ல நேஷனல் ஹெரிடேஜ் ஃபெலோஷிப், அதாவது நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு கொடுக்கற கௌரவம், கிடைச்சுது, அதுக்கு முன்னாடி 1990ல அதே பகுதிப் பாடகர் டக் வாலினுக்கு.

உங்க பொண்ணுக்கு 'ஹவுஸ் கார்ப்பென்டர்' பாட்டை ஏதாவது ஒரு மேடிசன் கவுண்டிக்காரங்க குரல்ல போட்டுக் காட்டுங்க. தச்சனோட பொண்டாட்டி கைக்குழந்தையை விட்டுட்டுப் பழைய காதலனோட கப்பல் ஏறிடறா, கப்பல் முங்கிடுது. ஸ்காட்லாந்துப் பழைய வடிவத்துல அந்தக் காதலன் ஒரு பேய். இங்க வந்ததும் பேய் பெரும்பாலும் காணாமப் போய் வெறும் மனுஷன் ஆயிட்டான், எனக்கென்னவோ இதுதான் இன்னும் பயமா இருக்கு. பக்கவாத்தியம், தாளம் எதுவும் கிடையாது. அழுகையோ ஆக்ரோஷமோ குரல்ல காட்ட மாட்டாங்க, குழந்தையை விட்டுட்டுப் போற இடத்தையும் ஏதோ சந்தைக்குப் போன கதை மாதிரி சொல்லிட்டுப் போவாங்க. வரி முடியற இடத்துல மட்டும் குரல் சட்டுனு மேல தாவி அறுந்துடும். அதைக் கமகம்னு நினைச்சுக்க வேணாம், பொண்ணு கேட்டா தானே புரிஞ்சுக்குவா.

ஷார்ப் மேல எனக்கு மரியாதை உண்டு, குறையும் உண்டு. இங்கிலாந்தைத் தேடி வந்தவர் காதுல இங்கிலாந்து மட்டும்தான் விழுந்துச்சு. சர்ச் பாட்டை ஒதுக்கினார், பாஞ்சோவை பெருசா கண்டுக்கல, கறுப்பின மக்கள்கிட்ட அநேகமா போகவே இல்ல. பாஞ்சோவே ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையா கொண்டுவரப்பட்டவங்களோட வந்த வாத்தியம்தான், முதல்ல சுரைக்குடுக்கைல செஞ்சது. அதனால "வெறும் பாஞ்சோ"ன்னு நீங்களும் தள்ளிடாதீங்க. ஷார்ப் விட்டதுல பலதைப் பிடிச்சவர்னா இதே கவுண்டில மார்ஸ் ஹில்ல 1882ல பொறந்த பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்டைச் சொல்லணும். வக்கீல், பாஞ்சோ வாசிப்பார், 1928லயே ஆஷ்வில்ல பாட்டு-ஆட்டத் திருவிழா ஆரம்பிச்சவர். முந்நூறு பாட்டுக்கு மேல ஞாபகத்துலேர்ந்தே பாடி லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் பதிவு பண்ணிக் கொடுத்திருக்கார்.

அவர் பேர்ல மார்ஸ் ஹில் யுனிவர்சிட்டில ஒரு விழா நடக்கும், வழக்கமா அக்டோபர் முதல் சனிக்கிழமை. உங்க ட்ரிப்பை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்க முடியுமான்னு பாருங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாடறதை மைக் பக்கத்துலயே உக்காந்து கேட்கலாம். கைவேலை பிடிக்கும்னா ஆஷ்வில் ஃபோக் ஆர்ட் சென்டர்ல இருக்கற ஆலன்ஸ்டாண்ட் கடை. அந்தப் பேரு இந்தக் கவுண்டியோடது. ஃபிரான்சிஸ் குட்ரிச்னு ஒரு மிஷனரி அம்மா, பரிசா வந்த ஒரு தறிப் போர்வையைப் பார்த்துட்டு, இதை நெஞ்சா பொம்பளைங்க கைல நாலு காசு வருமேன்னு ஆரம்பிச்சது.

இதே கவுண்டில மார்ஷல்னு ஒரு ஊரு, ஆத்தோரம் ஒட்டினாப்ல ஒத்தைத் தெரு. 2024 செப்டம்பர் ஹெலீன் புயல்ல ஆறு ஊருக்குள்ள வந்து கடைத்தெருவையே முக்கிடுச்சு. எது திறந்திருக்குன்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, அங்கயே சாப்பிடுங்க, ஏதாவது வாங்குங்க. மலைக்குள்ள பல இடத்துல சிக்னல் வராது, மேப்பை டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க.