மொத்த ஐக்யூ 101, வேகம் மட்டும் 83: மகனுக்கு ஏதும் குறையா?

9 வயது மகனுக்கு விஸ்க்-5 (குழந்தைகளுக்கான ஐக்யூ சோதனை) சோதனையில் மொழிப்புரிதல் 118, செயலாக்க வேகம் 83, மொத்தம் 101 என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) 15. மொழிப்புரிதலுக்கும் வேகத்துக்கும் இடையே 35 புள்ளி இருக்கும்போது, 101 என்ற கூட்டு எண் பையனைப் பற்றி அதிகம் சொல்லாது. பொதுத் திறன் குறியீட்டைக் (ஜிஏஐ) கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் வேகமும் செயல் நினைவும் (தகவலை மனதில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் திறன்) சேராது.

அடுத்து, வேகப் பகுதியின் இரு உட்சோதனை மதிப்பெண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள் (இவற்றில் சராசரி 10). 'கோடிங்' என்பது 120 விநாடிக்குள் குறிகளைப் பார்த்து வரைவது. 'சிம்பல் சர்ச்'சில் கேட்ட குறி இருக்கிறதா என்று தேடிக் கோடு போட்டால் போதும். கோடிங் மட்டும் 5, 6 என்று இறங்கியிருந்தால் கையெழுத்து, பென்சில் பிடி பக்கம் பாருங்கள். இரண்டுமே குறைவென்றால் கவனம், கண்பார்வை, பதற்றம், ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்க்கும் பழக்கம் என்று காரணம் பல. இந்த எண்ணை மட்டும் வைத்து ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடு) என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உடனே மறுசோதனை வேண்டாம். பயிற்சி விளைவால் (முன்பே செய்து பழகியதால்) மதிப்பெண் செயற்கையாக ஏறும், அதுவும் வேகப் பகுதியில் நன்றாகவே ஏறும். ஓராண்டாவது இடைவெளி விடுங்கள். அறிக்கையில் 95% நம்பக எல்லை (உண்மையான மதிப்பெண் எந்த எண்களுக்கிடையே இருக்கக்கூடும் என்ற வரம்பு) இல்லையென்றால் அதையும் எழுதி வாங்கிவிடுங்கள்.