மருந்தடித்த சட்டை, பச்சைப் பாம்பு, அட்டைக்கடி: ஏலத்தோட்டத்துக் கேள்விகள்

விடியுமுன் கம்பம், கூடலூர், போடியில் ஜீப் ஏறி, மலைமேல் கேரளத்து இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் கேட்டவற்றில் சில.

என் வீட்டுக்காரர் வண்டன்மேடு பக்கம் மருந்தடிக்கிறார். சாயங்காலம் வந்ததும் சின்னவள் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்கிறாள். சட்டையில் மருந்து வாடை. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா டாக்டரம்மா? தலைசுற்றினால் பால் குடித்தால் போதும் என்கிறார் அவர்.
(கூடலூர் வாசகி)

ஆகலாம். வாடை அடிக்கிறது என்றால் மருந்து இன்னும் சட்டையில் இருக்கிறது. குயினால்பாஸ் மாதிரியான பூச்சிமருந்துகள் மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் தாராளமாக உள்ளே போகும். அக்குளும் தொடையிடுக்கும் இன்னும் வேகமாக உறிஞ்சும். ஏலத்தட்டையோ ஆளைவிட உயரம். அடித்த மருந்து அடித்தவர் தலையிலேயே சொட்டும். முகத்தில் கட்டிய துண்டு நனைந்துவிட்டால் அப்புறம் அது காவல் இல்லை, மருந்தை மூக்கோடு சேர்த்துக் கட்டியது போலத்தான்.

முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பூட்ஸ் வேண்டும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பாதத்துக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் தோட்டத்திலேயே சோப்புப் போட்டுக் குளித்து, மாற்றுத்துணி உடுத்தி ஜீப் ஏறச் சொல்லுங்கள். அந்தச் சட்டை தனிப்பையில் வரட்டும். துவைப்பது நீங்கள் என்றால் உங்களுக்கும் கையுறை வேண்டும். பிள்ளைகள் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

பால் விஷத்தை முறிக்காது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் ஒழுகுவது, வியர்வை, வாந்தி, சதை துடிப்பது இதில் எதைக் கண்டாலும் சட்டையைக் கழற்றி, உடம்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்துப் பாட்டிலின் லேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் முறிமருந்தின் விவரம் அச்சிட்டிருக்கும், டாக்டருக்கு உதவும். லேபிளில் உள்ள நிறம்தான் கடுமையைச் சொல்லும்: சிவப்பு ரொம்பக் கொடியது, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை!

காலிக் கேன் விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விஷம் ஏறியவரோடு வந்த ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்ததே கழுவிய மருந்துக் கேனில்தான். எத்தனை முறை கழுவினாலும் அது தண்ணீர்க் கேன் ஆகாது. ஓட்டை போட்டுவிடுங்கள், யாருக்கும் ஆசை வராது.

கவாத்து வேலையில் பச்சைப் பாம்பு கடித்தது. விஷமில்லாதது என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று கயிறு போட்டு இறுக்கினார்கள். சரிதானா?
(போடி வாசகர்)

இரண்டுமே தப்பு. ஒல்லியாக, மூக்கு நீண்டிருந்தால் அது கண்கொத்திப் பாம்பு, பயமில்லை. ஆனால் தலை முக்கோணமாய், உடம்பு தடித்த குழிவிரியனும் அந்த மலையில் பச்சை நிறத்தில் உண்டு. காய்ந்த இலை நிறத்தில் இன்னொரு குழிவிரியன் இருக்கிறது, சிலருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஆனது, குழிவிரியனுக்கு வேலை செய்யாது. அதனால்தான் ரத்தம் உறைகிறதா என்று டாக்டர் 20 நிமிடப் பரிசோதனை செய்து, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். 'ஊசி போடாமல் உட்காரவைத்திருக்கிறார்களே' என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நம் ஊர் என்பதற்காகக் கம்பம் வரை மலை இறங்கி வர வேண்டாம். விஷமுறிவு ஊசி வைத்திருக்கும் ஆஸ்பத்திரி எது கிட்டவோ, அது கேரளத்தில் இருந்தாலும், அங்கேதான் போக வேண்டும்.

தோட்டத்தில் கக்கூஸ் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு விடவே மாட்டேன் என்கிறது.
(கம்பம் வாசகி)

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஒதுங்க இடம் தர வேண்டியவர் தோட்டக்காரர். குடிநீரும் கழிப்பறையும் 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் எழுதியாயிற்று. கங்காணியிடம் தனியாகக் கேட்காதீர்கள், ஜீப்பில் வருகிற எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். குளிர்காய்ச்சலோ விலாப்பக்க வலியோ வந்தால், கர்ப்பமாக இருந்தால், கடையில் மாத்திரை வாங்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அட்டை கடித்தால் காய்ச்சல் வருமா?
(உத்தமபாளையம் வாசகர்)

அட்டையால் பொதுவாக வராது. உப்பு வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் நிற்க நேரமாகும், கால் மணி நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஆனால் புதரில் வேலை செய்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் கண்ணுக்கே தெரியாத ஓர் உண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். கடித்த இடம் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கலாம். வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. பாவாடை நாடா இறுகும் இடம், மார்புக்குக் கீழே, அக்குள் இங்கெல்லாம் தேடுங்கள். இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.