தற்பாலீர்ப்புக் கதாபாத்திரங்களை வைத்து மொபைல் கேம் செய்யும் ‘இன்டி ஸ்டூடியோ’ என்றால் என்ன?

பெரிய நிறுவனத்தின் பணமோ உத்தரவோ இல்லாமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொந்தமாகக் கேம் செய்கிற இடம்தான் இன்டி ஸ்டூடியோ. திருகோணமலையில் ஒரு வீட்டு முன்னறையும் இரண்டு மடிக்கணினியும் இருந்தால் தொடங்கலாம். கேமை உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ என்ற கேம் எஞ்சின் இலவசம். கூகுள் பிளேயில் பதிய ஒரே தடவை 25 டொலர்; ஆப்பிளுக்கோ வருடா வருடம் 99.

சரி, கே, லெஸ்பியன் கதைகள் ஏன் இப்படிப்பட்ட இடங்களில் துணிந்து வருகின்றன? செலவுக் கணக்குத்தான் காரணம். மீன்பிடியைப் பாருங்கள்: திருகோணமலையின் கொட்பே துறைமுகத்திலிருந்து போகிற பலநாள் படகுக்கு டீசல், ஐஸ், ஆள்கூலி என்று பெருஞ்செலவு. மீனை அள்ளிக்கொண்டு வந்தே ஆக வேண்டும். கரையோர வள்ளத்துக்கு ஒரு கூடை மீன் போதும். கேமிலும் அப்படித்தான். கோடிகளைக் கொட்டிய நிறுவனம் எல்லா நாட்டிலும் விற்க வேண்டியிருப்பதால் கதையை மழுப்பப் பார்க்கும். சின்னக் குழு இரண்டு பெண்களின் காதலை நேராகவே சொல்லலாம். தங்களைக் கதைகளில் காணாத சில ஆயிரம் பேர் உலகெங்குமிருந்து வாங்கினாலே அடுத்த கேமுக்கு வழி பிறக்கும்.

இலங்கையில் தயக்கம் உண்டு, நியாயமானதும்கூட. தற்பாலுறவைக் குற்றமாக்கும், 1883இன் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள 365, 365அ பிரிவுகள் இன்னும் நீங்கவில்லை. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. பெயரை மறைத்து வெளியிடுவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தனிநபர் கணக்கில் காசு வசூலித்தால் கூகுள் பிளே உங்கள் பெயரையும் முகவரியையும் காட்டும். முதலிலேயே யோசியுங்கள்.

கே கதாபாத்திரம் இருந்தாலே அது ‘பெரியவர்களுக்கான கேம்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கேமைப் பதியும்போது வயதுத் தரத்துக்காகக் கேட்கப்படும் கேள்விகள் வன்முறை, பாலுறவுக் காட்சி, சூதாட்டம் போன்றவற்றைப் பற்றியவை, பள்ளிக்கூட வாசலில் இரண்டு பையன்கள் கைகோத்து நடப்பதைப் பற்றியவை அல்ல.