சதுரங்கம்: கேள்வி உங்களுடையது – மெஷினுக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா?

கேள்வி: 1997-ல் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவை ஐபிஎம் கம்பெனியின் டீப் புளூ கம்ப்யூட்டர் ஜெயித்தது தில்லுமுல்லு என்று என் மகன் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு அடித்துச் சொல்கிறான். நிஜமா சார்?
– ஈரோடு வாசகி

பதில்: தில்லுமுல்லு நடந்ததற்கு ஆதாரம் கிடையாது அம்மா. நிபந்தனைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன என்றால் ஒப்புக்கொள்வேன். மாவட்டப் போட்டிகளில் பல வருஷம் நடுவராக உட்கார்ந்தவன் நான். ஸ்கோரைப் பார்க்கும் முன்னால், யாருக்கு என்ன சலுகை கொடுத்தார்கள் என்றுதான் கண் போகும்.

காஸ்பரோவ் ஆடிய ஆட்டங்கள் ஊருக்கே தெரியும். அவற்றை அலசி மெஷினைத் தயார்படுத்த, ஜோயல் பெஞ்சமின் முதலான கிராண்ட்மாஸ்டர்களை ஐபிஎம் வைத்திருந்தது. காஸ்பரோவ் கையில் இருந்ததோ, 1996-ல் பிலடெல்ஃபியாவில் பழைய மெஷினை 4–2 என்று ஜெயித்த ஆறு ஆட்டங்கள். அப்புறம் மெஷினையே மாற்றிவிட்டார்கள். புது டீப் புளூ பயிற்சியில் ஆடிய ஆட்டங்களைக் கேட்டார், கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே புரோகிராமைத் திருத்திக்கொள்ளவும் அனுமதி. இன்றைக்கு ஆடியவர் நாளைக்கு வேறு ஆளாக வந்து உட்காரலாம்! அதற்கெல்லாம் சம்மதித்துத்தான் காஸ்பரோவ் ஆடினார். ஜெயித்தால் 7 லட்சம் டாலர், தோற்றாலும் 4 லட்சம். அந்த வகையில் அவரைப் பார்த்து நான் பரிதாபப்பட மாட்டேன்.

சந்தேகம் கிளம்பியது இரண்டாவது ஆட்டத்தில். ராணியை உள்ளே விட்டுச் சிப்பாய்களைப் பொறுக்கும் என்று அவர் நினைத்த இடத்தில், 37-வது மூவில் மெஷின் நிதானமாக பிஷப்பை இ4 கட்டத்தில் கொண்டுவந்து வைத்தது. மெஷினுக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது, பின்னால் மனுஷன் கை இருக்கிறதா என்று காஸ்பரோவ் கொதித்துப்போனார். 45-வது மூவில் ரிசைன் செய்தார். தொடர் செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. அடுத்த மூன்றும் டிரா. கடைசி ஆட்டத்தில் 19 மூவில் சுருண்டார். மொத்தத்தில் மெஷினுக்கு 3½–2½.

மெஷின் எப்படி யோசித்தது என்று காட்டும் பதிவுகளை அவர் கேட்டபோது ஐபிஎம் கொடுக்காமல் இழுத்தடித்தது. பிற்பாடு இணையத்தில் போட்டது. நான் நடுவராக இருந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதை வாங்கி சீல் வைத்திருப்பேன். மறுபடி ஆடலாம் என்று காஸ்பரோவ் கூப்பிட்டதற்கும் ஐபிஎம் இசையவில்லை. மெஷின் இப்போது மியூசியத்தில் இருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் நியாயமான போட்டி நடந்ததே இல்லையா?
– திண்டுக்கல் கல்லூரி மாணவர்

பதில்: நடந்தது தம்பி. 2006, ஜெர்மனியில் பான் நகரம். அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக்கும் டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் புரோகிராமும். புரோகிராமை முன்கூட்டியே கிராம்னிக்கிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்து ஆசை தீரக் குடையலாம். ஓபனிங்கை, அதாவது ஆட்டத்தின் ஆரம்ப மூவ்களை, மெஷின் மனப்பாடத்திலிருந்து ஆடும்வரை, அது புரட்டும் பக்கத்தை கிராம்னிக்கும் திரையில் பார்க்கலாம். பரீட்சையில் ஒருவன் மட்டும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வதா என்ற பழைய புகாருக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

முடிவு? ஃபிரிட்ஸ் 4–2. இரண்டாவது ஆட்டத்தில் கிராம்னிக் ராணியை இ3-ல் வைத்துவிட்டுச் சாவகாசமாக எழுந்தார். எஃப்8-ல் நின்ற குதிரையின் துணையோடு ஃபிரிட்ஸின் வெள்ளை ராணி எச்7-க்கு வந்தது. ஒரே மூவில் மேட்! அசதியும் கவனப் பிசகும் மனுஷனுக்கே உரியவை. அதை ஈடுகட்ட எந்த விதியும் எழுத முடியாது, எழுதவும் கூடாது என்பது என் கட்சி.

கேள்வி: நம்ம ஆனந்த் கணினியோடு ஆடியிருக்கிறாரா?
– தாம்பரம் வாசகர்

பதில்: 1998-ல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ரெபெல் 10 என்ற புரோகிராமோடு எட்டு ஆட்டம். மொத்தத்தில் ரெபெல் 5–3. ஆனால் பிரித்துப் பாருங்கள். 5 நிமிட பிளிட்ஸ் நான்கில் ரெபெல் 3–1. 15 நிமிட ஆட்டம் இரண்டில் ரெபெல் 1½–½. முழு நேர ஆட்டம் இரண்டில் ஆனந்த் 1½–½! அதே ஆள், அதே மெஷின். கடிகாரத்தை மாற்றினால் ஜெயிப்பவரும் மாறுகிறார். ஆகவே ‘கணினி ஜெயித்தது’ என்று யாராவது சொன்னால், எத்தனை நிமிட ஆட்டம் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: என் பேத்தி போனில் செஸ் ஆப்போடு ஆடித் தோற்று, தினமும் அழுகிறாள். என்ன செய்வது ஐயா?
– காரைக்குடி தாத்தா

பதில்: வெட்கப்படாமல் சலுகை கேட்கச் சொல்லுங்கள். 2016-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுராவே கொமோடோ என்ற புரோகிராமிடம் சலுகையோடுதான் ஆடினார். அப்படியும் 1½–2½ என்று தோற்றார். காய்களை நாமே அடுக்க ஆப்பில் வசதி இருந்தால், மெஷினின் ராணியை எடுத்துவிட்டு ஆரம்பிக்கட்டும். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்ததும் ராணியைத் திருப்பிக் கொடுத்து ஒரு யானையை மட்டும் எடுக்கட்டும். அப்புறம் குதிரை. அதற்குள் உங்களைத் தோற்கடித்துவிடுவாள், தயாராக இருங்கள்.