போட்டோவை வீடியோ ஃப்ரேமுக்குள் பொருத்துவது: கேள்வி பதில்

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, கல்யாணப் படங்களை 1920×1080 புள்ளி (பிக்சல்) அளவுள்ள டைம்லைனில், அதாவது எடிட்டிங்கில் படங்களை வரிசையாக அடுக்கும் இடத்தில், போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. ஸ்ட்ரெட்ச் கொடுத்து நிரப்பிவிடலாமா?

தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் வீடியோவில் 16:9, போன் படத்தில் பெரும்பாலும் 4:3. இழுத்து நிரப்பினால் மணப்பெண்ணின் முகம் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். அந்த வீட்டார் காலமெல்லாம் பார்க்கப்போகிற முகம் அது.

ஃபிட் கொடுத்தால் படம் முழுதாகத் தெரியும், பக்கவாட்டில் இடம் மிஞ்சும். ஃபில் கொடுத்தால் இடம் மிஞ்சாது, ஆனால் 4:3 படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். கேமராவின் 3:2 படத்தில் இழப்பு 16 சதவீதம்தான். குடும்பமாக நிற்கும் படத்துக்கு ஃபிட். மணமக்கள் இருவர் மட்டும் என்றால் ஃபில் கொடுத்து, தலை வெட்டுப்படாதபடி படத்தைக் கீழே இறக்குங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே கட்டளை போடுவதுதான் பெரிய கெடுதல். மிஞ்சும் இடத்தில் அதே படத்தை மங்கலாக்கி வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கண் அங்கே ஓடிவிடுகிறது. அடர்ந்த ஒற்றை நிறம் போதும்.

தக்கலை: பத்மநாபபுரம் அரண்மனை மரவேலைப்பாட்டை 6000×4000 அளவில் எடுத்தேன். பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் நெருங்கிப் போனால் மங்குகிறதே?

நீங்கள் கொடுத்திருப்பது 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்' ஆக இருக்கும். அது படத்தை டைம்லைன் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. பிறகு பெரிதாக்கினால் சுருங்கிய படம்தான் பெரிதாகும். அதை நீக்கிவிட்டு 'செட் டு ஃப்ரேம் சைஸ்' கொடுங்கள். ஸ்கேல் எண் (படத்தை எத்தனை சதவீத அளவில் காட்டுவது என்பது) மட்டும் மாறும், மூலப் புள்ளிகள் அப்படியே இருக்கும். உங்கள் படத்தின் அகலம் ஃப்ரேமைவிட மூன்று மடங்கு. செதுக்கிய பூவிதழ் வரை தெளிவாகப் போகலாம். ஸ்கேல் 100-ஐத் தாண்டாத வரை கவலையில்லை.

குலசேகரம்: மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நீளமான பனோரமா படம், 8000×2000. ஃபிட் கொடுத்தால் மெல்லிய கோடு போல ஆகிறது.

உயரத்தை வைத்துப் பொருத்துங்கள். ஸ்கேல் 54 வைத்தால் உயரம் 1080, அகலம் 4320. கிடைமட்டப் பொசிஷனை (படத்தின் மையம் நிற்கும் இடத்தை) 2160-இல் தொடங்கி -240-இல் முடித்தால் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை பாலம் நகரும். பன்னிரண்டு நொடியாவது கொடுங்கள். 115 அடி உயரப் பாலத்தை ஓட்டமாகக் காட்டினால் அதன் பிரம்மாண்டம் போய்விடும்.

கன்னியாகுமரி: செங்குத்தாக எடுத்த திருவள்ளுவர் சிலைப் படம் நிரம்பவில்லை.

ஃபில் கொடுத்தால் 3:4 படத்தின் உயரத்தில் 42 சதவீதம்தான் மிஞ்சும். வள்ளுவர் 95 அடி, பீடம் 38 அடி. அந்த 38 அறத்துப்பாலின் அதிகாரங்களைக் குறிக்கிறது. பீடத்தை வெட்டினால் அந்தப் பொருளும் சேர்ந்து வெட்டுப்படும். ஃபில் கொடுத்து, பீடத்தில் தொடங்கி முகம் வரை மெதுவாக ஏறுங்கள். அசைவு வேண்டாம் என்றால் ஃபிட்தான்.

குளச்சல்: தாத்தாவின் நினைவுத் திருப்பலிக்கு வீடியோ செய்கிறோம். இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். போனில் எடுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

போனில் வந்த பிரதியை விட்டுவிடுங்கள். மூலப் படத்தைத் துடைத்து, 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். 4.5 சென்டிமீட்டர் உயரப் படம் ஏறத்தாழ 1063 புள்ளி உயரம் தரும். ஃப்ரேமின் 1080-க்கு ஒட்டி வந்துவிடுகிறது. ஸ்கேன் முடிந்தபின் டிபிஐ-க்கு வீடியோவில் வேலையில்லை, புள்ளிக் கணக்கு மட்டுமே. ஆனாலும் திரை முழுக்க நிரப்ப வேண்டாம். முக்கால் உயரத்தில் நடுவே வைத்து, சுற்றிலும் அடர்நிறம் விட்டு, அசைக்காமல் எட்டு நொடி நிறுத்துங்கள். கடலுக்குப் போய் உழைத்த மனிதரின் முகத்தை உறவினர்கள் நிதானமாகப் பார்க்கட்டும்.

நாகர்கோவில்: போன் படங்கள் சில படுத்துக்கொண்டு வருகின்றன.

எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கும். சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. ரொட்டேஷனில் 90 கொடுங்கள். தலைகீழானால் -90.

சுசீந்திரம்: கோபுரப் படத்தை மெதுவாக நெருங்கும்போது சிற்பங்கள் மினுமினுக்கின்றன, அண்ணாச்சி.

நுண்ணிய கோடுகள் நிறைந்த பெரிய படத்தைச் சிறிதாக்கி நகர்த்தினால் அப்படித்தான் வரும். போட்டோ மென்பொருளில் அகலத்தை 3000 புள்ளி அளவுக்குக் குறைத்துக் கொண்டுவாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மிகச் சிறிய அளவு பிளர் (மங்கல்) சேருங்கள். கூர்மை கூட்டும் எஃபெக்ட் ஏதாவது இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.