கர்ப்பிணி வீட்டில் ஈயத்தூசி

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் இருக்கிறோம். எனக்கு இது ஐந்தாம் மாதம். எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கலாம் என்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் போதுமா? வீட்டுக்காரர் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூத்தவன் 2.2 கிலோதான் பிறந்தான், அதனால் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோதித்துப் பார்க்கும்வரை, குடிக்கவும் சோறாக்கவும் சுத்தமாகப் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள்.

ஆனால் எனக்கு அதைவிடக் கவலை, வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு வரும் சட்டைதான். மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்குமே, அதை நீங்கள்தானே உதறித் துவைக்கிறீர்கள்? அது ஈயத்தூசி. மூச்சிலும் கைவழியே சோற்றிலும் உள்ளே போகும். நஞ்சுக்கொடி ஈயத்தைத் தடுக்காது. தாயின் ரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போய்ச் சேரும். போன வருடங்களில் சேர்ந்த ஈயம் உங்கள் எலும்பில் தங்கியிருக்கும். பிள்ளைக்குக் கால்சியம் போதாமல் எலும்பு கரையும்போது அதுவும் கூடவே வெளியே வரும். எடை, உயரம், தலைச்சுற்றளவு, பிறகு படிப்பு, புத்தி எல்லாவற்றையும் அது பாதிக்கலாம். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது.

இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்: பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றி, செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். அந்தத் துணியை நீங்கள் தொட வேண்டாம். வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ரங்கூனில் பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்துச் சோதித்துக்கொள்ளுங்கள். டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தியாக வேண்டும். மூத்தவனையும் கூட்டிப் போங்கள். தரையில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் வயது அல்லவா. அவன் எடை குறைந்ததற்கு ஈயம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, மாதம் முந்திய பிரசவம் என்று பல காரணங்கள் உண்டு.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை விடாதீர்கள். இரும்பு குறைந்தால் குடல் ஈயத்தையும், காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தையும் அதிகமாக இழுக்கும். காட்மியம் சுருட்டுப் புகையிலும் உண்டு. அது நஞ்சுக்கொடியிலேயே தங்கி, பிள்ளைக்குப் போகும் சத்தைக் குறைக்கும். ஐராவதிப் பகுதிக் கர்ப்பிணிகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வும் காட்மியத்தை எடைக்குறைவோடு தொடர்புபடுத்தியது. வீட்டுக்குள் யாரும் சுருட்டு பிடிக்க வேண்டாம். அப்புறம், அஜீரணத்துக்கு என்று பெரியவர்கள் தரும் பொடி எதையும், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாயில் போடாதீர்கள். அப்படிப்பட்ட நாட்டுப் பொடிகள் சிலவற்றில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்திருக்கின்றன.

இன்னும் நான்கு மாதம் கையில் இருக்கிறது. சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்வதென்று பார்ப்போம்.