‘இலகு வேலை’ என்று மட்டும் எழுதிய சான்றிதழ்

கேள்வி: நான் திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதிக்குப் பொறுப்பாக இருக்கும் தாதிய சகோதரி. நோயாளி ஒருவரைத் தள்ளுவண்டிக்கு மாற்றும்போது முதுகுத் தட்டு விலகி, மூன்று மாதமாக வீட்டிலிருக்கும் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் அடுத்த கிழமை கடமைக்குத் திரும்புகிறார். சான்றிதழில் ‘இலகு வேலை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. “எங்கள் விடுதியில் இலகு வேலை எங்கே இருக்கிறது?” என்று மற்றவர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள். நான் என்ன செய்வது?
– வாசகி, உவர்மலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முணுமுணுப்பவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த இரண்டு சொற்கள் விடுதியின் எந்த வேலையையும் குறிப்பதில்லை. தாழ்ந்த கட்டிலில் கிடப்பவருக்குக் கனுலா (நாளத்தில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) ஏற்றக் குனிந்து நிற்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தக் கால்மாட்டில் குந்தியிருந்து கைப்பிடியைச் சுற்றுவதும் பார்வைக்கு இலகுவானவை. முதுகுத் தட்டு விலகியவருக்கோ அவைதாம் பெரும் சோதனை.

ஆகவே, அவர் வருமுன்பே தொலைபேசியில் நலம் விசாரித்துவிட்டு, ஒரு நாள் அரை மணித்தியாலம் உங்களோடு வந்து உட்காரச் சொல்லுங்கள். காலையில் கடமை பொறுப்பேற்பது தொடக்கம் ஒரு நாளின் வேலைகளை வரிசையாகச் சொல்லி, எவற்றைத் தனியே செய்யலாம், எவற்றை இன்னொருவர் துணையோடு செய்யலாம், எவற்றைத் தொடவே கூடாது என்று ஒரு தாளில் எழுதி, சிகிச்சையளிக்கும் வைத்தியரிடமும் இயன் மருத்துவரிடமும் (பிசியோதெரபிஸ்ட்) காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதை மீண்டும் பார்க்கும் திகதியையும் அதிலேயே குறியுங்கள். முடிவுத் திகதி இல்லாத சலுகையே சக ஊழியர்களுக்குக் கசக்கிறது.

“முழுக்கச் சுகமான பிறகு வரட்டுமே” என்று மேலிடத்தில் யாராவது சொன்னால் உடனே இணங்கிவிடாதீர்கள். வலி முற்றாக நீங்கும்வரை படுத்திருப்பது முதுகுநோவுக்கு உதவுவதில்லை. அளவோடு அசைவதும் படிப்படியாக வேலைக்குத் திரும்புவதுமே நல்லது. கால் மரத்துப்போவது கூடினாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தளர்ந்தாலோ மட்டும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

தொடக்கத்தில் இரவுக் கடமை வேண்டாம். இது செல்லம் கொடுப்பதல்ல. இரவில் ஆட்கள் குறைவு என்பதால், நோயாளி சரிந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டாவது ஆள் பக்கத்தில் இருக்கமாட்டார். நான் தாதியாக இருந்த காலத்தில், வேறொரு மாவட்டத்தில், இப்படித் திரும்பிய ஒருவரைப் பதிவேட்டு மேசையில் இருத்திவிட்டு நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் நாள் கழிப்பறை வாசலில் ஒரு முதியவர் தள்ளாட, அவர் எழுந்தோடிப் பிடித்தார். மறுபடியும் இரண்டு மாதம் படுக்கை. பிடிக்காதே என்று தாளில் எழுதலாம், தாதியின் கை கேட்குமா? ஆகவே யாராவது விழப்போனால் அவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் ஓடிவர வேண்டும் என்பதைச் சிற்றூழியர் உட்பட எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரவுக் கடமையும் மேலதிக நேரமும் குறைந்தால் கையில் வரும் பணமும் குறையும். கடன் தவணை உள்ளவர் வலியை மறைத்துக்கொண்டு “எனக்கும் நைட் போடுங்கள்” என்று கேட்கக்கூடும். அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல், பாரம் தூக்காத பகல் நேர மேலதிக வேலை ஏதேனும் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அவர் மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ பஸ்சில் வருபவரானால், நெரிசல் குறைந்த நேரத்தில் கடமையைத் தொடங்கவிடுவதும் சிறிய உதவியல்ல.

விபத்து எழுத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடமையில் நேர்ந்த காயத்துக்கான விடுமுறைக்கு, அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயத்தில் தனி ஏற்பாடு உண்டு. பதிவு இல்லாவிட்டால் அவருடைய சொந்த விடுமுறையே கரையும். கூடவே, அன்று அவர் பிடித்திருந்த அந்தத் தள்ளுவண்டியின் பிரேக் இப்போது பிடிக்கிறதா என்று, அவர் வருவதற்கு முன் நீங்களே ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.